மின்காரும் எங்கள் வீட்டுக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

அறிவியல் மனிதனுக்கு அளித்துள்ள ஊர்திகளுள் இன்று மிகுதியாகப் பேசப்படுவது மின்கார் ஆகும். புகை இல்லை, ஓசை இல்லை, பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. இதன் சிறப்புகளை நாளிதழ்களும் தொலைக்காட்சியும் நாள்தோறும் எடுத்துக் கூறி வருகின்றன. ஆகவே அவற்றையே மீண்டும் பாடாமல், மின்கார் ஒன்றை வாங்கி அன்றாடம் ஓட்டும் ஒரு குடும்பத்துக்கு நேரும் இடர்ப்பாடுகள் யாவை, அவற்றுக்கு இயற்பியல் கூறும் காரணங்கள் யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதை எழுத எனக்கு ஒரு கடமையும் உண்டு. ஏனெனில் எங்கள் குடும்பத்தில் ஒரு மின்கார் என் கணக்கை நம்பி வாங்கப்பட்டது. அந்தக் கணக்கு தவறிவிட்டது.

நான் போட்ட கணக்கு

எங்கள் ஊர் ஆத்தூரை அடுத்த ஒரு சிற்றூர். என் தந்தையார் சேகோ ஆலையில் கூலி வேலை செய்பவர். குச்சிக்கிழங்கு மாவும் ஈரமும் படியாத சட்டை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது கல்யாணங்களுக்கு. என் தாய்மாமன் ஜவ்வரிசித் தரகு செய்பவர். ஆலைகளில் மாதிரி எடுத்துக்கொண்டு நாள்தோறும் சேலம் சென்று வருவார். போக 55 கிலோமீட்டர், வர 55, ஆலைகளைச் சுற்றிவர 15, ஆக நாளொன்றுக்கு 125 கிலோமீட்டர். அவருடைய பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடியது. லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் நாளுக்கு 833 ரூபாய் பெட்ரோலுக்கே போயிற்று.

2024-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஒன்றரை ஆண்டு ஓடிய மின்கார் ஒன்று விலைக்கு வந்தது. விலை 6 லட்சம் ரூபாய். அதில் நாலரை லட்சம் வங்கிக் கடனாக வாங்க வேண்டும்; தவணை மாதம் 9,800 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது முதலாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. மாமா வந்து, “கண்ணு, நீ பிசிக்ஸ் படிக்கிற பிள்ளை. விக்கிறவன் பேச்ச நான் நம்பல. நீ கணக்குப் போட்டுச் சொல்லு, வாங்கறேன்” என்றார்.

நான் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இவ்வாறு எழுதினேன். மின்கல அடுக்கின் கொள்ளளவு 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட். ஒருமுறை மின்னேற்றம் செய்தால் ஓடும் தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்று விவரத் தாளில் இருந்தது. எனவே ஒரு கிலோமீட்டருக்கு 0.08 யூனிட். 125 கிலோமீட்டருக்கு 10 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 100 ரூபாய். மாதம் 25 நாளில் மிச்சம் 18,325 ரூபாய். தவணை போகப் பாதி கையில் நிற்கும். மேலும் 300-ஐ 125-ஆல் வகுத்தால் 2.4; ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை மின்னேற்றம் செய்தால் போதும். “வாங்கலாம் மாமா” என்றேன். அவரும் வாங்கிவிட்டார்.

இந்தக் கணக்கில் கூட்டல் பெருக்கல் பிழை ஏதும் இல்லை. பின்னாளில் எங்கள் இயற்பியல் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைக் காட்டியபோது, “இதில் நீ அளந்த எண் எது? படித்த எண் எது?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அளந்த எண் ஒன்றுகூட அதில் இல்லை.

சற்றே வரலாறு

மின்கார் புதிய கண்டுபிடிப்பு எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலார் காஸ்டன் பிளாண்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடிய ஈய-அமில மின்கலத்தைக் கண்டறிந்தார். 1899-ஆம் ஆண்டில் காமில் ஜெனாட்சி என்பவர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகக் கடந்தது மின்சாரத்தால் ஓடிய காரில்தான். பின்னர் பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. 1912-இல் கெட்டரிங் அமைத்த மின்தொடக்கி வந்தபின், இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையும் நீங்கிற்று. மின்கார் பின்தங்கியது.

அதற்கு மறுவாழ்வு தந்தது லித்தியம் அயனி மின்கலம். இது 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் ரேவா என்னும் சிறிய மின்கார் 2001-இல் பெங்களூரிலிருந்து வெளிவந்தது. நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் லித்தியம் மின்கலங்கள் பற்றிய ஆராய்ச்சி நடைபெறுகிறது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

முதல் இடர்: தாளில் உள்ள தொலைவும் சாலையில் உள்ள தொலைவும்

கார் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே 300 கிலோமீட்டர் என்பது பொய்த்தது. மாமா சேலம் சென்று வந்தால் மின்கல அடுக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீர்ந்து போயிற்று. காரணம் என்ன?

விவரத் தாளில் உள்ள தொலைவு, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி அளக்கப்படுவது. அங்கே சராசரி வேகம் குறைவு, ஏசி இயங்குவதில்லை. மாமாவோ நாற்கர நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை நாம் அறிவோம். சிறிய கார் ஒன்றுக்கு இழுவைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய தொகை ஏறத்தாழ 0.73 சதுர மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றெதிர்ப்பு ஏறத்தாழ 81 நியூட்டன். 90 கிலோமீட்டர் வேகத்தில் 261 நியூட்டன். டயர்களின் உருளல் எதிர்ப்பு இரண்டு வேகத்திலும் ஏறத்தாழ 140 நியூட்டன். இவற்றைக் கூட்டி, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு ஆகும் வேலையைக் கணக்கிட்டு, மோட்டார் முதலியவற்றின் இழப்பாக 15 விழுக்காட்டையும் சேர்த்தால், 50-இல் கிலோமீட்டருக்கு 0.07 யூனிட்டும், 90-இல் 0.13 யூனிட்டும் செலவாகும் எனத் தெரிகிறது. மாமாவின் காரில் ஒரு மாதம் நாங்கள் குறித்துவைத்த சராசரியும் 0.13-தான்.

வேறு இரு கழிவுகளும் உண்டு. மின்கல அடுக்கு ஆண்டுக்காண்டு சிறிது தேய்கிறது. 24 யூனிட்டில் 8 விழுக்காடு போனதாகக் கொண்டால் மீதம் 22. சுழியம் வரை ஓட்டிப் பார்க்கும் துணிவு எவர்க்கும் வராது. 15 விழுக்காடு கையிருப்பாக வைத்தே ஆக வேண்டும். எஞ்சுவது 18.7 யூனிட். இதை 0.13-ஆல் வகுத்தால் 144 கிலோமீட்டர். ஆக, தாளில் 300 ஆக இருந்தது சாலையில் 144 ஆயிற்று. மாமாவுக்கு நாள்தோறும் வேண்டியது 125. இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று நான் சொன்ன மின்னேற்றம் ஒவ்வோர் இரவும் தவறாமல் செய்யவேண்டிய வேலையாகிவிட்டது.

இரண்டாம் இடர்: நேரம்

மின்காரின் இடர்களுள் தலையாயது இதுவே எனலாம். பெட்ரோல் நிலையத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு அரை லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. எனவே அந்த ரப்பர் குழாய் வழியே நொடிக்கு 16 மெகாஜூல், அதாவது 16 மெகாவாட் வீதத்தில் ஆற்றல் பாய்கிறது! எஞ்சின் அதில் கால் பங்கையே இயக்கமாக மாற்றும் என்று கழித்தாலும் 4 மெகாவாட் தேறும்.

நம் வீட்டுச் சுவரிலுள்ள 15 ஆம்பியர் துளைப்பெட்டியில் கிடைப்பது எவ்வளவு? 230 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 3.45 கிலோவாட்; நடைமுறையில் 3.3 கிலோவாட். பெட்ரோல் குழாய் இதைப்போல் 1,200 மடங்கு விரைவானது.

மாமா ஓட்டும் 125 கிலோமீட்டருக்கு மின்கல அடுக்கிலிருந்து 16.25 யூனிட் செலவாகிறது. ஏற்றும்போது வெப்பமாக வீணாவது போக, சுவரிலிருந்து 18.7 யூனிட் எடுக்கவேண்டியுள்ளது. 3.3 கிலோவாட்டில் இதற்கு 5 மணி 40 நிமிடம் ஆகும். கோடை மாலைகளில் எங்கள் ஊரில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது 2.7 கிலோவாட்தான், நேரம் 7 மணியை நெருங்கும். நடுவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றுவிட்டால் விடியற்காலை கார் அரை வயிற்றோடு நிற்கும்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர் மறந்துபோனால் ஐந்து நிமிடத்தில் ஈடுசெய்து விடலாம். மின்கார் வைத்திருப்பவர் முதல்நாள் இரவு மறந்ததை மறுநாள் காலை ஈடுசெய்ய இயலாது. எங்கள் அத்தை இரவு படுக்கப்போகுமுன் அடுப்பை அணைத்தோமா, கோழிக்கூட்டைச் சாத்தினோமா என்று பார்ப்பதோடு, “வண்டிக்குச் சொருகியாச்சா?” என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொண்டார்.

மூன்றாம் இடர்: வீட்டு மின்னிணைப்பு

கார் வந்த முதல் நாள் இரவு, மின்னேற்றி சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுத்துவிட்டது. கார் பழுது என்று வீடே கலங்கியது. மறுநாள் வந்த எலெக்ட்ரீசியன் காரைத் தொடவே இல்லை. வீட்டுக்குச் சரியான எர்த் இல்லை என்றார். பழைய வீடு, எர்த் கம்பி எப்போதோ அறுந்து கிடந்திருக்கிறது. இத்தனை காலம் எவரும் அதை அறியவில்லை. மின்னேற்றி தானே சோதித்து அறிந்து மறுத்தது. புழக்கடையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டிப் புதிய எர்த் போட்ட பின்னரே அது பச்சை விளக்கைக் காட்டியது. இதுவரை எர்த் இல்லாமலே கிரைண்டரும் இரும்பு பீரோவுக்கு அருகில் தேய்ப்புப்பெட்டியும் ஓடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் அச்சமாக உள்ளது. கார் எங்களுக்குச் செய்த முதல் நன்மை இது.

அடுத்தது துளைப்பெட்டி. மோட்டாரும் தேய்ப்புப்பெட்டியும் சில நிமிடங்களே ஓடுபவை. கார் ஆறு ஏழு மணி நேரம் இடைவிடாமல் 15 ஆம்பியர் இழுக்கும். துளைப்பெட்டியில் பிடிமானம் தளர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால்கூட, I²R வாய்பாட்டின்படி 15-இன் இருமடியை 0.1-ஆல் பெருக்க, 22.5 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்திலேயே உண்டாகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் ஈயப் பற்றுவைக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான் என்பதை நினைவுகூர்க. சூட்டுக்கோலை இரவு முழுவதும் சுவருக்குள் செருகி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும். எங்கள் வீட்டிலும் பிளக்கின் ஒரு முனை கறுத்துப்போன பிறகே நாங்கள் விழித்துக்கொண்டோம். மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, தனி எம்.சி.பி.யும், கசிவு மின்னோட்டத்தைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம். நீட்டிப்புப் பெட்டியில் சுருட்டிய ஒயரைக் கொண்டு கார் ஏற்றுவது பெருந்தவறு. சுருளின் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழி இராது.

மின்கட்டணமும் உயரும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது; 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு. மாமாவின் காருக்கு மட்டும் இரு மாதத்தில் 935 யூனிட் ஆகிறது. முன்பு மின்கட்டணத்தைக் கவனியாத குடும்பத்தில் இப்போது மின்விசிறி ஓடினாலும் சண்டை வருகிறது.

எங்களுக்குச் சொந்த வீடும் வாசலும் இருந்தன. வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் வாழ்வோர் நிலை இன்னும் கடினம். சுவரில் துளையிட உரிமையாளர் இசைவு வேண்டும். கார் நிற்கும் இடம் ஓரிடம், மீட்டர் வேறிடம். தெருவின் குறுக்கே ஒயர் இழுப்பது எவ்வகையிலும் பாதுகாப்பானதன்று.

நான்காம் இடர்: வெளியூர் மின்னேற்று நிலையங்கள்

வீட்டில் ஏற்ற முடியாதபோது பொது நிலையங்களை நாட வேண்டும். அங்கே விரைவு மின்னேற்றிகள் நேர்மின்னோட்டத்தையே காருக்குத் தருகின்றன. மாமாவின் காருக்கு 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஏன் 80-உடன் நிறுத்துகிறார்கள் என்று மாமா கேட்டார். நகரப் பேருந்தை உவமையாகக் கூறினேன். பேருந்து காலியாக இருக்கும்போது கூட்டம் விரைவாக ஏறுகிறது; இருக்கைகள் நிறைந்தபின் ஒவ்வொருவராக இடம் தேடி நுழைய நேரமாகிறது. லித்தியம் அயனிகளும் அவ்வாறே. மின்கலத்தின் மின்னழுத்தம் எல்லையை நெருங்கியதும் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தே ஆக வேண்டும். இல்லையேல் மின்கலம் கெடும். கடைசி 20 விழுக்காட்டுக்கு ஆகும் நேரத்தில் பாதி ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நிலையத்தில் வேறு தொல்லைகளும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கைப்பேசியில் தனித்தனிச் செயலி. ஒவ்வொன்றிலும் முன்பணம் கட்டியிருக்க வேண்டும். கைப்பேசியில் சிக்னல் இல்லையேல் மின்னேற்றி திறக்காது. சில இடங்களில் பெட்ரோல் கார்கள் இடத்தை அடைத்து நிற்கும். சில இடங்களில் இரண்டில் ஒன்று வேலை செய்யாது. விலையும் கூடுதல், மாமா ஒரு யூனிட்டுக்கு 22 ரூபாய் வரை கொடுத்திருக்கிறார். எழுத்து வாசனை குறைந்தவர்கள் அந்தச் செயலிகளை இயக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் நிகழ்ச்சி

2025-ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு நாள். கோடை விடுமுறையாதலால் நானும் மாமாவுடன் சென்றேன். முந்திய இரவு மழையில் மின்சாரம் போய்விட்டது; காலையில் காரில் 62 விழுக்காடுதான் இருந்தது. அன்று பகல் 9 முதல் 5 வரை பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பும் வந்திருந்தது. ஆயினும் சேலத்தில் ஒரு வியாபாரி பாக்கி தருவதாகச் சொல்லியிருந்ததால் மாமா புறப்பட்டார்.

வேலை முடிந்தபோது மீதம் 24 விழுக்காடு. மின்னேற்று நிலையத்தில் ஒரு குழாயில் ‘பழுது’ என்று தாள் ஒட்டியிருந்தது; மற்றதில் ஒரு கார் ஏறிக்கொண்டிருக்க, இன்னொன்று காத்திருந்தது. இரண்டு மணி நேரம் நின்றால் ஆலையில் மாலை லாரி ஏற்றும் நேரம் தவறும். “கண்ணு, போய்ச் சேருமா?” என்று மாமா கேட்டார்.

நான் கணக்கிட்டேன். 22-இல் 24 விழுக்காடு 5.3 யூனிட். 90-இல் சென்றால் 41 கிலோமீட்டர்தான் ஓடும், 55-க்குப் போதாது. 50-இல் சென்று ஏசியையும் நிறுத்தினால், கிலோமீட்டருக்கு 0.08 வீதம் 66 கிலோமீட்டர் ஓடும். “மெதுவாய்ப் போனால் சேரும் மாமா” என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரிகளெல்லாம் எங்களை முந்திச் செல்ல, அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி எல்லாம் கடந்தோம். கணக்கு சரியாகவே வந்தது. பெத்தநாயக்கன்பாளையத்தை நெருங்கும்போது 11 விழுக்காடு காட்டியது. திடீரென்று அது 4 ஆயிற்று. கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

சாலையோரம் ஒரு மாவு மில் இருந்தது. மாமா இறங்கி நிலைமையைச் சொன்னார். மில்காரர் அரைக்கும் பெல்ட்டை நிறுத்தாமலே சுவரிலிருந்த துளைப்பெட்டியைக் கையால் காட்டினார். ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தோம். மிளகாய் அரைக்க வந்தவர்கள் எல்லாம் காரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தனர். மில்காரர் பணம் வாங்கவில்லை. மாமா நூறு ரூபாயைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு வந்தார். லாரி அதற்குள் போய்விட்டது. அந்தச் சரக்கின் தரகு வேறொருவருக்குச் சென்றது. வீடு வரும்வரை மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாம் இடர்: விழுக்காடு என்னும் எண்

11 எவ்வாறு ஒரே நொடியில் 4 ஆகும்? கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடிப் படித்து அறிந்தேன். பெட்ரோல் தொட்டியில் மிதவை உண்டு. மட்டத்தை நேரே அளக்கலாம். மின்கலத்தினுள் எட்டிப் பார்க்க வழியில்லை. உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் நேரத்தால் பெருக்கிக் கூட்டிக் கழித்தே மீதம் கணக்கிடப்படுகிறது. சிறு சிறு பிழைகள் நாளடைவில் சேர்ந்துவிடும்.

மின்னழுத்தத்தைக் கொண்டு அப்பிழையைத் திருத்தலாமே எனில், எங்கள் காரிலுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் அதுவும் எளிதன்று. வெப்பத்தைத் தாங்குவதிலும் நீடித்து உழைப்பதிலும் இவ்வகை சிறந்தது. ஆனால் இதன் மின்னழுத்தம் நிறைந்த நிலைக்கும் தீரும் நிலைக்கும் இடையே பெரும்பகுதி ஏறக்குறைய 3.2 வோல்ட்டிலேயே நிற்கும். இரு ஓரங்களில்தான் ஏறும், இறங்கும். ஆகவே அடி ஓரத்தை எட்டிய பிறகே கணினி தன் பிழையை உணர்ந்து எண்ணைத் திருத்துகிறது. இதனால்தான் இவ்வகை மின்கலத்தை அவ்வப்போது முழுவதும் 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். மேல் ஓரத்தைத் தொட்டால் கணக்கு நேராகிவிடும். மாமாவோ மின்கலம் நீண்டநாள் உழைக்கட்டும் என்று பல மாதங்களாக 80-இலேயே நிறுத்தி வந்திருக்கிறார். அப்படிச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்!

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். மின்காரிலும் 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்று தனியே உண்டு. கதவுப் பூட்டு, விளக்கு, கணினி யாவும் அதனால் இயங்குபவை. அது தீர்ந்தால், பெரிய மின்கல அடுக்கு நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது.

மலை ஏற்றமும் இறக்கமும்

இடர்களையே கூறிவரும் வேளையில் ஓர் இன்பத்தையும் கூறவேண்டும். ஒரு ஞாயிறு அன்று குடும்பத்தோடு ஏற்காடு சென்றோம். சேலத்திலிருந்து 20 கொண்டைஊசி வளைவுகள். உயர வேறுபாடு ஏறத்தாழ 1,200 மீட்டர். ஆட்களோடு காரின் நிறை 1,500 கிலோகிராம் என்றால், mgh வாய்பாட்டின்படி நிலையாற்றல் 17.6 மெகாஜூல், அதாவது 4.9 யூனிட். ஏறும்போது விழுக்காடு விறுவிறுவென்று குறைவதைக் கண்டு அத்தை முருகனை வேண்டத் தொடங்கிவிட்டார். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலின் பெரும்பங்கை மின்கலத்துக்குத் திருப்பித் தந்தது. அடிவாரத்தில் எண் கூடியிருந்ததைக் கண்ட அத்தை, “பெட்ரோல் வண்டி எறங்கினா பெட்ரோல் ஊறுமா?” என்று மாமாவைக் கேட்டார். ஆற்றல் அழியாமை விதிக்கு இதனினும் நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மலைமேல் 100 வரை ஏற்றிக்கொண்டு இறங்கினால், திரும்பிவரும் ஆற்றலுக்கு இடம் இராது. பிரேக்கை மட்டுமே நம்ப நேரிடும்.

திருத்திய கணக்கு

இப்போது நாங்கள் அளந்த எண்களைக் கொண்டு கணக்கைத் திருத்துவோம். வீட்டில் ஏற்றினால் நாளுக்கு 18.7 யூனிட், 187 ரூபாய். வெளியில் ஏற்றினால் நாளுக்கு 385 ரூபாய் அளவில். மாதம் 25 நாளில் 6 நாள் வெளியில் ஏற்றுவதாகக் கொண்டால் மொத்தம் 5,863 ரூபாய். பெட்ரோலுக்கு ஆகியிருக்கக்கூடியது 20,825 ரூபாய். மிச்சம் ஏறத்தாழ 14,960 ரூபாய். தவணை 9,800 போக இன்னும் 5,000 ரூபாய்க்கு மேல் நிற்கிறது.

ஆகவே நண்பர்களே, பணத்தைப் பற்றிய என் முடிவு அவ்வளவாகத் தவறவில்லை. நேரமும் இடமும் அதில் இல்லாமல் போனதே தவறு. கார் எத்தனை மணி நேரம் எந்தச் சுவரருகே நிற்கும், அந்தச் சுவரில் எத்தனை வோல்ட் வரும், எர்த் உண்டா, மின்சாரம் நின்றால் மாற்று வழி என்ன என்று நான் கேட்கவே இல்லை. பெட்ரோல் கார் வாங்குவோர் காரை மட்டும் பார்த்தால் போதும். மின்கார் வாங்குவோர் முதலில் தம் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும்.

வாங்க நினைப்போர் கவனத்துக்கு

1. நாள்தோறும் ஓடும் தொலைவை ஒரு மாதம் எழுதிவைத்துச் சராசரி காண்க. நெடுஞ்சாலையில் ஓட்டுவோர், விவரத் தாளிலுள்ள தொலைவில் பாதியையே நம்புக.

2. கார் வாங்குமுன் வீட்டு எர்த், மீட்டரிலிருந்து வரும் கம்பி, அனுமதிக்கப்பட்ட மின்பளு ஆகியவற்றைத் தேர்ந்த எலெக்ட்ரீசியனைக் கொண்டு சோதிக்க.

3. பழைய கார் எனில் மின்கல அடுக்கின் எஞ்சிய திறனைச் சான்றாகக் கேட்டு வாங்குக. உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் அறிக.

4. 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கவிடாமல் இரவில் காரை நிறுத்துக. மறுநாள் மின்தடை அறிவிப்பு உண்டா எனப் பார்க்க.

5. வழியில் ஒன்றுக்கு இரண்டாக மின்னேற்று நிலையங்களை அறிந்து வைத்திருக்க.

6. அவசரத்துக்கு உதவும் ஒரு மாவு மில்காரரையும் அறிந்து வைத்திருப்பது நலம்.

முடிவுரை

மாமா காரை விற்கவில்லை. தவணை இன்னும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் உள்ளது. ஆலை முதலாளி ஒருவரிடம் பேசி, பகலில் மாதிரி எடுக்கும் நேரத்தில் ஆலையின் மின்னிணைப்பில் இரண்டு மணி நேரம் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம். யூனிட்டுக்கு உரிய பணத்தைக் குறிப்பேட்டில் எழுதி மாதக் கடைசியில் கொடுத்துவிடுகிறோம். மாதம் ஒருமுறை 100 வரை ஏற்றுகிறோம். அதன்பிறகு அந்த எண் திடீரென்று குதிக்கவில்லை.

அன்று பெத்தநாயக்கன்பாளையத்தில் போன தரகுக்காக நான் வருத்தம் தெரிவித்தபோது மாமா, “நீ சொல்லலைன்னாலும் எவனோ ஒருத்தன் சொல்லித்தான் வாங்கியிருப்பேன் கண்ணு. அவன் திருத்திச் சொல்ல வந்திருக்க மாட்டான்” என்றார். படிக்காதவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களின் சொல்லை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அன்று உணர்ந்தேன். நம் கல்லூரியில் பயிலும் பலரும் என்னைப் போல் தம் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களே. நாளை உங்கள் வீட்டாரும் ஏதேனும் ஒன்றை வாங்குமுன் உங்களைக் கேட்பார்கள். அப்போது படித்த எண்ணைச் சொல்லுமுன், அளந்த எண் ஏதேனும் கையில் உண்டா என்று ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.